ஹார்ட் பூட்ஸில் ஸ்டெப்-இன் ஹீல் பூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது சுவிஸில். நவம்பர் பிறந்தாலே போன் அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணா, ஹீல் மாத்தணும், ஒரு நிமிஷம் பேசலாமா?" என்பார்கள். அந்த ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஓடும். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் ஸ்னோபோர்டில் (இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் சறுக்குவது) இறங்கி, அதிலும் ஹார்ட் பூட்ஸ் பக்கம் போய்விட்டார்கள். ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஸ்டெப்-இன் ஹீல்னா என்ன? சாதாரண பைண்டிங்கில இல்லாத எதை அது செய்யுது?

ஹார்ட் பூட்ஸ் என்பது ஸ்கீ பூட்ஸ் போலக் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு உள்ள ஸ்னோபோர்டு பூட்ஸ். பைண்டிங் என்பது பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் மாட்டி. இதற்கான சாதாரண பைண்டிங் ஒரு தட்டு. முன்னும் பின்னும் ஒவ்வொரு கம்பி வளையம். குதியைப் பின் வளையத்தில் வைத்து, முன் வளையத்தை நெம்புகோலால் இழுத்துப் பூட்டவேண்டும். குனிய வேண்டும், கையுறையோடு தடவ வேண்டும், பனியைச் சுரண்ட வேண்டும்.

ஸ்டெப்-இன்னில் பின் வளையமே கிடையாது. பூட்ஸோடு வந்த ஹீல் கட்டையைக் கழற்றிவிட்டு வேறொரு கட்டையைப் பூட்டுகிறோம். இன்டெக், ஃபின்டெக் என்ற பெயர்களில் கிடைப்பவை இவை. கட்டையின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு உலோக முளை இருக்கும்; உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பூட்ஸின் மூக்கை முன் வளையத்துக்குள் நுழைத்து, குதியால் ஒரு மிதி மிதித்தால் முளைகள் உள்ளே ஒடுங்கி, பைண்டிங்கின் துளைகளுக்கு நேராக வந்ததும் வெளியே பாய்ந்து மாட்டிக்கொள்ளும். கழற்ற, கட்டையிலிருந்து கணைக்கால்வரை ஒரு வயர் மேலே வரும். அதன் கைப்பிடியை இழுத்தால் முளைகள் உள்ளே போகும். சைக்கிள் பிரேக் வயர் மாதிரிதான்.

பூட்டுவது ஸ்பிரிங்கின் வேலை, திறப்பது வயரின் வேலை. இது மனதில் இருந்தால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

இந்தக் காலத்தில ஹார்ட் பூட்ஸ் யாராவது போடுறாங்களா?

சரிவில் நூறு பேர் இருந்தால் ஒருவர் போட்டிருந்தாலே அதிகம். ஆனால் ஒலிம்பிக்கில் பாருங்கள். 1998-இல் நாகானோவில் ஜயண்ட் ஸ்லாலம், 2002-லிருந்து இருவர் பக்கத்தில் பக்கத்தில் இறங்கும் இணை ஜயண்ட் ஸ்லாலம் என்று, கொடிகளைச் சுற்றி வளையும் இந்தப் பந்தயத்தில் ஓடுவதெல்லாம் ஹார்ட் பூட்ஸ்தான். செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா 2018-இல் பியோங்சாங்கில் ஸ்கீயில் சூப்பர்-ஜி தங்கத்தையும் ஸ்னோபோர்டில் இணை ஜயண்ட் ஸ்லாலம் தங்கத்தையும் ஒரே ஒலிம்பிக்கில் வாங்கினார். ஸ்னோபோர்டில் அவர் காலில் இருந்தது இந்த வகை பூட்ஸ்தான். பந்தயம் ஓடாதவர்கள், பலகையின் விளிம்பால் பனியில் மெல்லிய கோடு கிழித்துக்கொண்டு இறங்கும் சுகத்துக்காகப் போடுகிறார்கள். நான் அந்தக் கூட்டம்.

ஸ்கீ பைண்டிங் மாதிரி விழும்போது தானா கழண்டுடுமா?

கழலாது. கழலவும் கூடாது. ஸ்கீயில் ஒவ்வொரு காலுக்கும் தனிப் பலகை. ஒன்று கழன்றால் அந்தக் கால் தப்பித்தது. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் இருக்கின்றன. ஒரு கால் கழன்று மற்றது மாட்டியே இருந்தால் பலகை முழுவதும் அந்த ஒற்றைக் காலை முறுக்கும். முட்டி போய்விடும்.

"ஸ்டெப்-இன்" என்பது ஏறுவதற்கான வசதி. விழும்போது காப்பாற்றும் கருவி என்று எண்ணிக்கொண்டு வாங்காதீர்கள்.

பர்ட்டன் ஸ்டெப் ஆன்னு ஒண்ணு வந்துச்சே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

பெயர்தான் ஒன்று போல இருக்கிறது. ஸ்டெப் ஆன் 2017-இல் வந்தது, மென்மையான பூட்ஸுக்கு உரியது. அதற்கும் முன்னால் 1990-களில் கே2 கிளிக்கர் போன்றவை வந்து போயின. அவையும் மென்மையான பூட்ஸுக்குத்தான். எதுவும் இதனோடு சேராது.

என் பூட்ஸ்ல இது ஏறுமா?

பூட்ஸைத் தலைகீழாகத் திருப்பி ஹீலைப் பாருங்கள். கட்டை தனித் துண்டாக, ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தால் வாய்ப்பு உண்டு. ஓட்டோடு சேர்த்தே வார்த்திருந்தால் கதை முடிந்தது. டீலக்ஸ், அதற்கு முன்னோடியான பழைய ரைக்லே, யூ.பி.இஸட் போன்ற ஸ்னோபோர்டு ஹார்ட் பூட்ஸ்களில் கழற்றும் கட்டைதான். ஆனால் துளைகளின் இடமும் கட்டையின் வடிவமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யூ.பி.இஸட்டுக்கான ஹீலை வாங்கி டீலக்ஸில் பூட்டப் பார்த்து, துளை பொருந்தவில்லை என்று டிரில் மெஷினைத் தேடியவரை எனக்குத் தெரியும். புதுத் துளை போடாதீர்கள். உடம்பின் முழுப் பாரமும் நெம்பும் இடம் அது.

கட்டைக்கு மேலே, ஓட்டில் வயர் நுழைய ஒரு வழியும் வேண்டும். சில பூட்ஸில் அது சிறு மூடியால் அடைத்திருக்கும். இல்லவே இல்லை என்று பதறாமல் லைனரை, அதாவது ஓட்டுக்குள் இருக்கும் மெத்தென்ற உள்பூட்ஸை, எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

வீட்ல ஸ்கீ பூட்ஸ் சும்மா கிடக்கு. அதுல பூட்டினா என்ன?

வேண்டாம். ஐஎஸ்ஓ 5355 என்ற அளவுப்படி செய்த ஸ்கீ பூட்ஸின் அடி, ஸ்கீ பைண்டிங்கின் வாய்க்கென்றே வடித்தது. மாற்றக்கூடிய அடித்துண்டு இருக்கும் ஸ்கீ பூட்ஸிலும் இந்த ஹீலுக்கான துளைகள் இருக்காது. தவிர, அடி முன்னும் பின்னும் நீண்டிருப்பதால் குறுகலான பலகையில் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு பனியில் இடிக்கும். ஸ்பிளிட்போர்டுக்கு (மலையேறும்போது இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டு) மலையேற்ற ஸ்கீ பூட்ஸ் போடுகிறார்களே என்பீர்கள். அது முற்றிலும் வேறு பைண்டிங்.

ஒரு கம்பெனி ஹீல், இன்னொரு கம்பெனி பைண்டிங். ஒத்துப்போகுமா?

இன்டெக் வகை முளை என்றால் பெரும்பாலும் போகும். எஃப்2-வின் இன்டெக் பைண்டிங்கிலும் பாம்பரின் ஸ்டெப்-இன் பைண்டிங்கிலும் இன்டெக், ஃபின்டெக் இரண்டு ஹீலும் மாட்டும். கவனிக்க வேண்டியது ஹீலுக்கும் பூட்ஸுக்கும் உள்ள பொருத்தம், மேலே சொன்னேன்.

காசு மிச்சம் பண்ண ஒரு காலுக்கு மட்டும் போடலாமா?

யோசனை கெட்டதில்லை. லிஃப்டுக்கு வரிசையில் நிற்கும்போது முன்கால் பலகையிலேயே இருக்கும், பின்கால்தான் ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டப்படும். ஒரு நாளில் இருபது தடவை. ஸ்டெப்-இன்னின் பலன் முக்கால்வாசி பின்காலுக்குத்தான்.

ஆனால் இரண்டு வகைப் பைண்டிங்குக்கும் உயரம் வேறு, விறைப்பு வேறு. முன்கால் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், பின்கால் கொடுக்காது. பழகிவிட்டேன் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஷூவும் போட்டது போல இருந்தது. ஒரே நாளில் விட்டுவிட்டேன். இரண்டுக்கும் போடுவதானால், பின்கால் ஹீல்தான் முதலில் தேயும். சில வருடம் கழித்து இடம் வலம் மாற்றலாம் என்று நினைத்தால், உங்கள் ஹீல் இடது வலது என்று தனித்தனியா என்று முதலில் பாருங்கள்.

நானே பூட்டலாமா, கடையில கொடுக்கணுமா? என்ன சாமான் வேணும்?

தாராளமாக நீங்களே பூட்டலாம். முதல் தடவை என்றால் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். ஸ்க்ரூ மாட்டுவது இருபது நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் வயருக்கு.

சரியான ஸ்க்ரூ டிரைவர்தான் முக்கியமான சாமான். தலை ஆலன் கீ வகை என்றால் குழப்பமில்லை. கூட்டல் குறி மாதிரி இருந்தால் உற்றுப் பாருங்கள்: பெரிய கோடுகளுக்கு நடுவே மூலைவாக்கில் நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிடிரைவ். அதில் சாதாரண பிலிப்ஸ் டிரைவரை வைத்துத் திருகினால் வழுக்கும், தலை மொழுக்கையாகும், பிறகு கழற்ற ஊரைக் கூட்ட வேண்டும். பேட்டரி டிரில் வைத்து இறுக்கவே வேண்டாம். கையால் எல்லா ஸ்க்ரூவையும் பாதிவரை விட்டு, அப்புறம் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கார் சக்கரத்துக்கு நட் போடுவது போல.

பழைய ஹீல்ல இருந்த ஸ்க்ரூவையே போட்டா போதாதா?

போதாது. கட்டையின் கனம் மாறும்போது தேவையான நீளமும் மாறும். நீளம் அதிகமானால் ஸ்க்ரூ நுனி ஓட்டுக்குள் எட்டிப்பார்த்து, மதியத்துக்குள் குதிகாலில் உங்களுக்குத் தெரிவித்துவிடும். குறைந்தால் இன்னும் ஆபத்து, இரண்டு மூன்று மரையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். பொதுவாக ஸ்க்ரூவின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது மரை பிடிக்க வேண்டும். உதாரணத்துக்கு எம்5 ஸ்க்ரூ என்றால் ஒரு சுற்றுக்கு 0.8 மி.மீ. இறங்கும், ஆறு சுற்றுக்குமேல் பிடித்தால்தான் நம்பலாம். புது ஹீலோடு வந்த ஸ்க்ரூவைப் போடுங்கள், முடிந்ததும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

லாக்டைட் போடணுமா?

லாக்டைட் என்பது ஸ்க்ரூ தளராமல் இருக்க மரையில் விடும் பசை. போடுவது, மரை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓட்டுக்குள் உலோக நட் பதித்திருந்தால் நீல நிறம், அதாவது கழற்றக்கூடிய 243 வகை, ஒரு சொட்டு போதும். ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். சிவப்பு வேண்டவே வேண்டாம், சூடாக்காமல் கழற்ற முடியாது. பிளாஸ்டிக் பூட்ஸை எங்கே சூடாக்குவது?

ஸ்க்ரூ நேரே பிளாஸ்டிக்கில் இறங்குகிறது என்றால் எதுவும் போடாதீர்கள். இந்தத் திரவம் பட்டால் சிலவகைப் பிளாஸ்டிக் விரிசல் விடும். வழிந்ததை உடனே துடைக்க வேண்டும் என்பதும் அதனால்தான். முதல் நாள் ஓடிவிட்டு வந்து ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

வயரை எந்த வழியா விடுறது?

பெரும்பாலான பூட்ஸில் ஹீலின் மேல் துளை வழியாக ஓட்டுக்குள் நுழைந்து, ஓட்டுக்கும் லைனருக்கும் நடுவே மேலேறி, கணைக்கால் பகுதியின் உச்சியில் வெளியே வரும். லைனரைக் கழற்றிவிட்டு வயரை முதலில் விடுங்கள், அப்புறம் லைனரை நுழையுங்கள். வயர் எங்கேயும் மடங்கக் கூடாது, லைனரின் தையலில் மாட்டக் கூடாது. உறைக்குழாய் கொடுத்திருந்தால் அதை வெட்டி எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் வயர் லைனரை அறுத்துக்கொண்டே போகும்.

கைப்பிடி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது அவரவர் வசதி. கால்சட்டைக்குள் மறைந்துவிடுகிறதே என்று எல்லோரும் புலம்புவார்கள். கைப்பிடியில் மெல்லிய நாடாவைக் கட்டி, கால்சட்டைப் பையில் சிறு ஓட்டை போட்டு அதன் வழியே எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் கால்சட்டையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து இழுக்கிறேன். அழகில்லை, வேலை நடக்கிறது.

வயர்ல எவ்வளவு தொய்வு விடணும்? இறுக்கமா இருந்தா உடனே திறக்குமே?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். இறுக்கமாக வைக்காதீர்கள்.

முட்டியை முன்னால் மடக்கும்போது பூட்ஸின் மேல்பகுதி கணுக்காலை அச்சாக வைத்து முன்னே சாய்கிறது. அப்போது அதன் பின்பக்கம் ஹீலை விட்டு மேலே விலகும். வயர் போவது பின்பக்கமாகத்தான். அதாவது ஒவ்வொரு முறை ஆழமாக உட்காரும்போதும் நீங்களே கைப்பிடியை இழுப்பது போல் ஆகிறது. தொய்வு இல்லையென்றால் முளைகள் கொஞ்சம் உள்ளே போகும், இன்னும் சாய்ந்தால் இன்னும் போகும், கடைசியில் துளையை விட்டே வெளியே வந்துவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. முதல் ஜோடியை நான் "கச்சிதமாக" பூட்டியிருந்தேன். வீட்டில் நேராக நின்று பார்த்தால் அருமையாக வேலை செய்தது. சரிவில் ஒரு நீண்ட வளைவின் நடுவில் பின்கால் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட்டது. அதிர்ஷ்டம், மென்பனியில் விழுந்தேன். பழி சொல்ல வேறு யாரும் இல்லை.

சோதிக்கும் முறை இது. பூட்ஸைக் காலில் போட்டு, ஓடும்போது எப்படிப் போடுவீர்களோ அப்படியே எல்லாக் கொக்கியையும் இறுக்குங்கள். பூட்ஸின் மேல்பகுதி முன்னால் சாய்ந்து நிற்கும் அளவை, நீங்கள் வைக்கக்கூடியதில் அதிகபட்சமாக வையுங்கள். பலகை வேண்டாம், தரையில் நில்லுங்கள். முட்டியை முடிந்தவரை முன்னால் தள்ளுங்கள். தங்கையோ நண்பனோ முளைகளைப் பார்க்கட்டும். நேராக நிற்கும்போது எவ்வளவு நீட்டியிருந்ததோ அதே அளவு இப்போதும் நீட்டியிருக்க வேண்டும், இரண்டு பக்கமும். அந்த நிலையிலும் கைப்பிடிக்கடியில் ஒரு சுண்டுவிரல் நுழையும் தொய்வு மிச்சம் இருந்தால் எனக்குத் திருப்தி. அதற்குமேல் நீளமாகத் தொங்கினால் லிஃப்ட் நாற்காலியில் மாட்டும்.

க்ளிக்னு சத்தம் கேட்டுச்சு. அது போதாதா?

ஒரு க்ளிக்கா, இரண்டா? ஒரு பக்க முளை மட்டும் மாட்டிக்கொண்டு மறுபக்கம் பனிக்கட்டியில் முட்டி நிற்கலாம். அப்போதும் சத்தம் கேட்கும், நின்றால் உறுதியாகவும் தோன்றும். பக்கவாட்டில் சாய்த்து ஓடும்போதுதான் தெரியும்.

பூட்டியதும் இரண்டு முளையும் துளைக்குள் முழுதாக வந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் குதியை மேலே தூக்கி, இடம் வலமாக ஒரு ஆட்டு ஆட்டுங்கள். குனிய வேண்டாம் என்றுதானே காசு கொடுத்து வாங்கினேன் என்று ஒரு தம்பி கேட்டான். நெம்புகோலோடு போராடக் குனிவதும், ஒரு நொடி பார்க்கக் குனிவதும் ஒன்றா?

முன் வளையத்தை எவ்வளவு இறுக்கமா வைக்கணும்? ஹீல் மாத்தினதும் பூட்ஸ் பைண்டிங்ல உக்கார மாட்டேங்குது.

ஹீல் மாறினால் அடியின் நீளம் சில மில்லிமீட்டர் மாறியிருக்கலாம், பைண்டிங்கை மறுபடி அளந்து வைக்க வேண்டும். வளையம் மிகவும் பின்னால் இருந்தால் குதியை எவ்வளவு மிதித்தாலும் முளை துளைக்கு நேரே வராது. மிகவும் முன்னால் இருந்தால் சுலபமாக மாட்டும், ஆனால் பூட்ஸ் முன்னும் பின்னும் நகரும்.

நின்ற இடத்தில் உடல் பாரத்தை மட்டும் போட்டு மிதித்தால் மாட்ட வேண்டும், குதிக்கத் தேவையிருக்கக் கூடாது. மாட்டிய பின் ஆட்டிப் பார்த்தால் அசைவு கூடாது. இதை வீட்டுச் சூட்டில் பார்ப்பதோடு, பலகையைப் பால்கனியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டும் பாருங்கள். இரண்டு பூட்ஸுக்கும் தனித்தனியாக.

குளிர்ல முளை பாதியிலேயே நின்னுடுது. டபிள்யூடி-40 அடிச்சேன், மறுபடி அதே கதை.

அது துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, உயவு நிலைக்காது. கெட்டியான கிரீஸும் கூடாது, குளிரில் மெழுகாகிவிடும், மண்ணையும் பிடித்து வைக்கும். முளையைத் துடைத்துக் காயவைத்து, சிலிக்கான் அல்லது உலர்வகை டெஃப்லான் ஸ்ப்ரே கொஞ்சமாக அடியுங்கள்.

பாதித் தொல்லை கார் நிறுத்துமிடத்தில் ஆரம்பிக்கிறது. கைப்பிடியை விட்டதும் முளைகள் மறுபடி வெளியே நீட்டிக்கொள்ளும், நடக்கும்போது உப்பும் சேறும் அதில்தான் அப்பும். மாட்டுவதற்கு முன் கைப்பிடியை இரண்டு மூன்று தடவை இழுத்து விடுங்கள். "டக்" என்று திரும்பி வரவேண்டும். சோம்பலாக வந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது கொக்கியின் இறுக்கத்தில் வயர் நசுங்கியிருக்கலாம். கொக்கிகளைத் தளர்த்திப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பந்தயக்காரங்க பலர் இன்னும் கம்பி வளையம்தான் போடுறாங்களாமே? அப்ப ஸ்டெப்-இன் மட்டமா?

மட்டமில்லை, விறைப்பு அதிகம். கம்பி வளையம் பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இரண்டு முளைகள் குதியைக் கவ்விப் பிடித்தால் அந்த அசைவு குறைந்துவிடும். கரடுமுரடான பனியில் அந்த அசைவு இருந்தால்தான் பலகை கால் சொல்வதைக் கேட்கிறது என்பது பலருடைய அனுபவம். பாம்பரின் சைட்வைண்டர் போன்ற பைண்டிங்குகள் பக்கவாட்டு அசைவுக்கென்றே மென்மையான துண்டுகளை வைத்து வந்ததும் இதனால்தான். பந்தயக்காரருக்கு ஒரு நாளில் இத்தனை தடவை கழற்றிப் பூட்டும் சள்ளை பெரிதில்லை. எனக்குப் பெரிது, முதுகு வலி உண்டு.

செகண்ட் ஹாண்ட் ஹீல் கிடைச்சுது. எதைப் பாக்கணும்?

வயரில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் வயரை மாற்றாமல் போடாதீர்கள். முளையின் நுனி ஒருபக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

மலை மேல வயர் அறுந்துடுச்சுன்னா?

பயப்பட வேண்டாம், கழன்று போகாது. பூட்டுவது ஸ்பிரிங் என்று முதலிலேயே சொன்னேனே. அறுந்தால் நீங்கள் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள், அவ்வளவுதான். கீழேவரை ஓடிவிடலாம். லிஃப்டில் ஏறுவதற்கு முன்னால்தான் தொல்லை. பைண்டிங்கின் துளை வெளிப்பக்கம் திறந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் முளையை உள்ளே அழுத்தி, குதியை அந்தப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்ததை அழுத்துங்கள். கூட ஒருவர் இருந்தால் சுலபம். எதுவும் கையில் இல்லையென்றால் கொக்கிகளைத் திறந்து பூட்ஸை விட்டுக் காலை உருவி, பூட்ஸோடு பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு காலுறையில் நடக்க வேண்டியதுதான். சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்று என் சட்டைப்பையில் எப்போதும் இருப்பது அந்த நடையை ஒரு தடவை நடந்ததால்.

கழட்டின பழைய ஹீலைத் தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். அதன் ஸ்க்ரூவோடு ஒரு பையில் கட்டி, பூட்ஸ் அளவை மேலே எழுதி வையுங்கள். பிடிக்காமல் திரும்ப மாற்றுபவர்களும் உண்டு, பூட்ஸை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.